நாப்பத்தேழாம் கட்டம்

அண்ணி: அந்தத் தட்டை மட்டும் நகர்த்தாதீங்க தம்பி. வரிசை கலைஞ்சா நான் மறுபடி முதல்லேர்ந்து வரணும்.

தம்பி: நான் எங்க தொட்டேன்... உக்கார ஒரு இடம் தேடறேன். இந்த ஆபீசுல மீனுக்கு நாலு தட்டு இருக்கு, மனுஷனுக்கு ஒரு நாற்காலி இல்ல.

அண்ணி: அந்த ஸ்டூல் மேல இருக்கிற ஃபைலை எடுத்துக் கீழ வச்சிட்டு உக்காருங்க.

தம்பி: ஈரமா இருக்கே.

அண்ணி: மீன் வச்சிருந்தேன்.

தம்பி: நல்லாப் போச்சு. இப்பத்தான் படகைக் கட்டிட்டு, குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தேன்.

அண்ணி: அதைத்தான் பாக்கறேன். வெள்ளைச் சட்டை வேற. பத்தொன்பது வருஷமா நான் இந்த மாடில உக்காந்திருக்கேன், ஒரு நாள் இந்தப் பக்கம் தலை காட்டினதில்ல. இன்னிக்கு என்ன விசேஷம்?

தம்பி: விசேஷம் ஒண்ணுமில்ல. படகுல லாக் புக் முடிஞ்சு போச்சு. புதுசு ஒண்ணு வேணும்.

அண்ணி: அது கீழ கவுன்ட்டர்லயே குடுப்பாங்களே.

தம்பி: கவுன்ட்டர்ல ஆளக் காணோம்.

அண்ணி: இப்பத்தான் இங்க வந்து டீ குடிச்சிட்டுக் கீழ எறங்கினாரு. மாடிப்படில நீங்க ரெண்டு பேரும் முட்டியிருப்பீங்க.

தம்பி: ஓ... அவரா. நான் கவனிக்கல. இது என்ன அண்ணி, நொய்யரிசி மாதிரி?

அண்ணி: பேச்சை மாத்தறீங்க.

தம்பி: நெசமாத்தான் கேக்கறேன்.

அண்ணி: மீனோட காதுக்கல். தலைக்குள்ள ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு இருக்கும். ரெண்டா ஒடைச்சு, விளக்குல லேசாச் சுட்டா உள்ள வளையம் கறுப்பாத் தெரியும். ஒரு வளையம் ஒரு வயசு.

தம்பி: அதுவா. அண்ணன் சொல்லுவாரு, 'உங்க அண்ணி மீனுக்கு ஜாதகம் எழுதறா'ன்னு.

அண்ணி: உங்க அண்ணன் சொல்லிட்டுத்தான் இருப்பாரு. ஜாதகம் நடக்கப் போறதைச் சொல்றது. இது நடந்து முடிஞ்சதைச் சொல்லும். இங்க வாங்க. இந்த மைக்ரோஸ்கோப் குழாய்ல கண்ணை வைங்க. மூக்கு இடிக்கும், கொஞ்சம் தள்ளி.

தம்பி: ஒண்ணும் தெரியலையே... இருங்க இருங்க. வெள்ளையா ஒரு துண்டு. நடுவுல புள்ளி. சுத்தி ஒரு கோடு.

அண்ணி: எத்தனை கோடு?

தம்பி: ஒண்ணுதான்.

அண்ணி: நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

தம்பி: ஒண்ணுதான் அண்ணி. எனக்குக் கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு.

அண்ணி: அது உங்க படகுல வந்த சங்கரா மீன். போன செவ்வாக்கிழமை ஏலத்துக்கு வந்தப்ப எடுத்தது. ஒரு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம். முட்டையே போட்டிருக்காது. இப்ப இதைப் பாருங்க.

தம்பி: அடேயப்பா... ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. ஏழு இருக்கு.

அண்ணி: அதுவும் சங்கராதான். நான் வேலைக்குச் சேந்த மாசம் இதே ஏலக்கூடத்துல எடுத்தது. அப்பல்லாம் ஒரு கூடையில கை விட்டா அஞ்சு வயசு, ஆறு வயசுன்னு வரும். இப்ப ரெண்டு வயசுல ஒண்ணு கெடைச்சாலே நான் டப்பால போட்டுத் தனியா எடுத்து வைக்கிறேன்.

தம்பி: ம்.

அண்ணி: என்ன 'ம்'?

தம்பி: ஒண்ணுமில்ல. பாத்தாச்சு. இந்தாங்க, உங்க குழாய்.

அண்ணி: அது என் குழாய் இல்ல, கவர்மென்ட் குழாய். ஒரு டீ சொல்லவா?

தம்பி: வேணாம். ஆங்... கீழ நோட்டீஸ் பாத்தேன். போர்டுல.

அண்ணி: எந்த நோட்டீஸ்?

தம்பி: அதான், கடல்ல நாப்பத்தேழாம் கட்டத்தை மூணு மாசம் மூடறாங்கன்னு. குஞ்சு மீன் வளர.

அண்ணி: ஆமா. நாளைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி. கையெழுத்தாயிட்டா மறுநாள்லேர்ந்து அங்க எந்தப் படகும் வலை விடக் கூடாது. துறைமுகத்துல என்ன பேசிக்கிறாங்க?

தம்பி: நல்லதுதான்னு பேசிக்கிறாங்க.

அண்ணி: ஒருத்தருக்கும் வருத்தம் இல்லையா?

தம்பி: என்ன வருத்தம்... நாட்டுக்கு நல்லதுன்னா சரின்னுதான். மூணு மாசம் பத்துமா, வேணும்னா மூணு வருஷம் மூடட்டுமேன்னு கூடச் சொல்றாங்க.

அண்ணி: இவ்வளவு நல்லவங்களா நம்ம ஆளுங்க?

தம்பி: தங்கமானவங்க.

அண்ணி: வலைக் கண்ணியை ஒரு விரல் பெருசாக்கச் சொன்னதுக்கு இந்த ஜன்னலுக்குக் கீழ நின்னு ரெண்டு மணி நேரம் கத்தினவங்க. ஒரு முழுக் கட்டத்தை மூடறேங்கறேன், தங்கமாயிட்டாங்க.

தம்பி: மனுஷன் மாறுவான் அண்ணி.

அண்ணி: மாறுவான் மாறுவான்.

தம்பி: ஆங்... இந்த ரெண்டு வாரமா, இங்க யாராச்சும் வந்தாங்களா?

அண்ணி: இங்கன்னா?

தம்பி: மாடிக்கு. உங்களைப் பாக்க. படகு ஓட்டறவங்க யாராச்சும்.

அண்ணி: எதுக்கு வரணும்?

தம்பி: சும்மா... லாக் புக் வாங்க. ஏதாச்சும் கேக்க.

அண்ணி: யாரும் வரல.

தம்பி: யாருமே?

அண்ணி: ஈ காக்கா வரல. இந்த வாடையில ஈ மட்டும் வரும்.

தம்பி: ஒருத்தர்கூடவா வரல?

அண்ணி: யாரு வரணும்னு எதிர்பாக்கறீங்க? பேரைச் சொல்லுங்க, ஞாபகம் இருக்கான்னு பாக்கறேன்.

தம்பி: பேரெல்லாம் இல்ல. கேட்டேன்.

அண்ணி: என்ன தம்பி, முகமே மாறிப் போச்சு?

தம்பி: புழுக்கமா இருக்கு. அந்த ஃபேனைக் கொஞ்சம்...

அண்ணி: ஃபேன் போட்டா கல்லெல்லாம் பறந்துடும். ஜன்னல் பக்கம் நகர்ந்து உக்காருங்க. ஐஸ் ஃபேக்டரி காத்து வரும்.

தம்பி: திருட்டுப் பசங்க.

அண்ணி: யாரு?

தம்பி: ஐஸ் ஃபேக்டரிக்காரங்க. கட்டியைச் சின்னதாக்கிட்டாங்க.

அண்ணி: ஓகோ.

தம்பி: அண்ணி... நாப்பத்தேழை மூடினா மீன் பொழைச்சுக்குமா?

அண்ணி: அங்க மீன் இருந்தா பொழைச்சுக்கும்.

தம்பி: இருக்குன்னுதானே லாக் புக் சொல்லுது.

அண்ணி: லாக் புக் சொல்லுது. எண்பத்திரெண்டு படகு, பத்தொன்பது வருஷம். பாதிக்கு மேல மீன் நாப்பத்தேழுல பிடிச்சதாத்தான் எழுதியிருக்கு. சுவர்ல பாருங்க வரைபடம். ஒவ்வொரு நூறு கூடைக்கும் ஒரு ஊசி குத்துவோம். நாப்பத்தேழுல குத்த இடமே இல்ல, முள்ளம்பன்றி மாதிரி நிக்குது. சுத்தி எல்லாம் மொட்டை.

தம்பி: நீங்க என்ன நெனைக்கிறீங்க?

அண்ணி: நான் நெனைக்கிறதை யாரு கேக்கறா? கமிட்டிக்குக் காகிதம் வேணும். போன தடவை நெனைச்சதைச் சொல்லித்தானே வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

தம்பி: ரெண்டு வருஷம் இருக்குமில்ல...

அண்ணி: ரெண்டு வருஷம், ஒரு மாசம். நம்ம சர்வே படகுல நானே போய் நாப்பத்தேழுல வலை விட்டேன். வலை மடியில என்ன வந்துச்சு தெரியுமா? பாறாங்கல் மூணு, துருப்பிடிச்ச இரும்புத் தகடு ஒண்ணு, கிழிஞ்ச வலை மிச்சம். அதைக் கமிட்டியில சொன்னேன். 'இந்தக் கட்டத்துல மீனே இல்ல, லாக் புக் தப்பு, குஞ்சு வளர்ற இடம் வேற எங்கயோ இருக்கு'ன்னேன். தலைவர் நிதானமாக் கேட்டாரு, 'எங்க இருக்குன்னு எந்தப் படகாச்சும் எழுதிக் குடுத்திருக்கா?' இல்லன்னேன். அப்ப மேசைக் கடைசியில ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு... உங்களுக்குத்தான் தெரியுமே.

தம்பி: சொல்லுங்க.

அண்ணி: 'அம்மா வீட்டுலயே ஒரு படகு இருக்கு சார். கொழுந்தன் ஓட்டறாரு. மத்தவங்களை ஒரு இடத்துலேர்ந்து வெரட்டிட்டா வீட்டுப் படகுக்கு வசதிதானே'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஃபைலை மூடிக்கிட்டேன்.

தம்பி: அவரு வாயில...

அண்ணி: விடுங்க. அவரு கேட்டதுலயும் தப்பில்ல. வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும். அன்னிக்கே முடிவு பண்ணிட்டாங்க. லாக் புக்ல இல்லாத கட்டத்தை மூடணும்னா, அதுல வலை விடற அஞ்சு படகாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். அதுல ஒண்ணுகூட அதிகாரியோட சொந்தக்காரங்க படகா இருக்கக் கூடாது. இல்லன்னா, புக் என்ன சொல்லுதோ அதை மூடு. சரின்னு நாப்பத்தேழை எழுதி போர்டுல ஒட்டிட்டேன்.

தம்பி: கல்லுக்கு லீவு விட்டிருக்கீங்க.

அண்ணி: கல்லு மூணு மாசம் நிம்மதியா இருக்கட்டும்.

தம்பி: நீங்க வீட்டுல ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே. தினம் ராத்திரி ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறோம்.

அண்ணி: உங்களை எங்க வலை விட்டீங்கன்னு நான் ஒரு நாளாவது கேட்டதுண்டா?

தம்பி: இல்ல.

அண்ணி: கேக்க மாட்டேன். கேட்டா, மேசைக் கடைசிக்காரரு சொன்னது நெசமாயிடும். சோறு போடற கையால வேவு பாக்கக் கூடாது.

தம்பி: அதுக்காக இப்படியா... பொய்யின்னு தெரிஞ்சே போர்டுல ஒட்டறதா?

அண்ணி: பொய்யா? எதைப் பொய்ங்கறீங்க?

தம்பி: வாயைப் பிடுங்காதீங்க அண்ணி.

அண்ணி: நான் கல்லைச் சுட்டுக்கிட்டிருக்கேன். நீங்கதான் பேசிக்கிட்டிருக்கீங்க.

தம்பி: சரி... ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் ஏன் நாப்பத்தேழுன்னு எழுதறாங்க தெரியுமா? பேசி வச்சுக்கிட்டு எழுதலை. அந்த லாக் புக்ல முதல் பக்கத்துல, எப்படி நெரப்பணும்னு மாதிரிக்கு ஒண்ணு அச்சடிச்சிருக்கும். 'தேதி இன்ன, கட்டம் நாப்பத்தேழு, சங்கரா பன்னெண்டு கூடை'ன்னு. நம்ம ஆளு என்ன பண்ணுவான்? உண்மையான இடத்தை எழுதினா மறுநாள் பக்கத்துத் துறைமுகத்துப் படகு அத்தனையும் அங்க வந்து நிக்கும். வேற ஒண்ணை எழுதணும். எதை எழுதறது? முதல் பக்கத்துல இருக்கே, அதையே எழுதிடுவோம். பன்னெண்டு கூடையை மட்டும் மாத்திட்டோம். எவனோ ஆபீசுல உக்காந்துக்கிட்டு ஒரு நம்பரைப் போட்டான், அது இப்ப சட்டமாகப் போகுது.

அண்ணி: எவனோ இல்ல. நான்தான்.

தம்பி: என்ன?

அண்ணி: அந்த மாதிரிப் பக்கம் எழுதினது நான்தான். வேலைக்குச் சேந்த ரெண்டாவது வாரம் எனக்குக் குடுத்த முதல் வேலை. மாதிரியைப் பாத்து யாராச்சும் அப்படியே எழுதிடக் கூடாதேன்னு, மீனே கெடைக்காத கட்டமாத் தேடிப் பாத்துப் போட்டேன்.

தம்பி: அய்யோ அண்ணி...

அண்ணி: சிரிக்காதீங்க.

தம்பி: சிரிக்கல... சிரிக்கல. இருங்க, கண்ணுல தண்ணி வருது. பத்தொன்பது வருஷமா நீங்க எழுதினதைத்தான் எல்லாரும் காப்பி அடிச்சிருக்கோம்.

அண்ணி: அந்த வரைபடத்துல இருக்கிற அத்தனை ஊசியும் நான் குத்தினதுன்னு நெனைச்சுக்குங்க. அது எனக்கே நாலு வருஷம் முன்னாடிதான் உறைச்சுது. உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லல. சொன்னா ஆயுசுக்கும் விட மாட்டாரு.

தம்பி: நான் சொல்ல மாட்டேன்.

அண்ணி: நீங்க இன்னிக்கு ராத்திரியே சொல்லிடுவீங்க.

தம்பி: இன்னிக்கு ராத்திரி சிரிக்கிற மாதிரி இல்ல அண்ணி நான். நெசமாவே யாரும் வரலையா?

அண்ணி: அதான் சொன்னேனே.

தம்பி: சத்தியமா?

அண்ணி: என்ன தம்பி, அதையே சுத்திச் சுத்தி வரீங்க? மென்னு முழுங்காம சொல்ல வந்ததைச் சொல்லுங்க.

தம்பி: அறுபத்திரெண்டு.

அண்ணி: என்ன அறுபத்திரெண்டு?

தம்பி: கட்டம். அறுபத்திரெண்டு. முழுசும் இல்ல, தெக்குப் பாதி. அடியில சேறும் சிப்பியும் கலந்து கெடக்கும், அதனால வலை கிழியாது. நம்ம துறைமுகத்துல ஏழு படகுக்குத்தான் அந்த இடம் தெரியும். நான் ஒருத்தன். முதல்ல கண்டுபிடிச்சதும் நான்தான். எழுதிக்குங்க.

அண்ணி: இருங்க, காகிதம் எடுக்கறேன்.

தம்பி: பேனா இருக்கில்ல?

அண்ணி: இருக்கு. சொல்லுங்க.

தம்பி: மூணு வருஷமா அங்க பெரிய மீன் கொறைஞ்சுக்கிட்டே வருது. இந்த வருஷம் சுத்தமா இல்ல. மடியை அவுத்துப் படகுத் தட்டுல கொட்டினா சத்தமே வேற அண்ணி. முன்னாடி பெரிய மீன் விழும்போது தொப்பு தொப்புன்னு விழும், தட்டு அதிரும். இப்ப தகரத்துல மழை பெய்யற மாதிரி விழுது. எல்லாம் விரல் நீளம். பாதிக்கு மேல விலை போகாதுன்னு திருப்பிக் கடல்லயே கொட்டறோம். உயிரோட இல்ல, செத்தது. அன்னிக்கு ஒரு நாள் கொட்டிட்டுத் திரும்பிப் பாத்தேன், படகுக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு கோடு, கண்ணுக்கு எட்டின வரைக்கும். மிதக்குது. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

அண்ணி: அதான் அந்த வெள்ளிக்கிழமை சாப்பிடாம மேல போயிட்டீங்களா?

தம்பி: ஆமா.

அண்ணி: நான் குழம்புல உப்பு ஜாஸ்தின்னு நெனைச்சேன்.

தம்பி: அதுவும்தான்.

அண்ணி: ம்... எழுதிட்டேன். ஆனா தம்பி, உங்க கையெழுத்து செல்லாது. தெரியுமில்ல? அதிகாரிக்குச் சொந்தக்காரரு.

தம்பி: தெரியும். செல்லாட்டிப் போகட்டும், நீங்க எழுதி வச்சுக்குங்க. செல்லற கையெழுத்து அஞ்சு நான் கொண்டு வரேன். மணி இப்ப மூணரை. ஏழு மணிக்குள்ள அஞ்சு பேரையும் இந்த மாடிக்கு இழுத்துட்டு வரேன். நீங்க ஆபீசைப் பூட்டாம இருங்க, அது போதும்.

அண்ணி: உக்காருங்க.

தம்பி: நேரமில்ல அண்ணி. அவனுங்களை...

அண்ணி: உக்காருங்க தம்பி. அந்த ரெண்டாவது இழுப்பறையைத் தெறங்க. மேல இருக்கிற காகிதத்தை எடுத்துப் படிங்க. சத்தமா.

தம்பி: 'கமிட்டியின் ஒப்புதலுக்காக'... 'இளம் மீன்களின் வளர்ச்சியைக் கருதி'... 'கட்டம் அறுபத்திரெண்டு, தென்பாதி'... இது என்ன அண்ணி? இது எப்ப?

அண்ணி: முந்தாநாள் அச்சடிச்சது.

தம்பி: அப்ப போர்டுல இருக்கிறது?

அண்ணி: அது அப்படியே கெடக்கட்டும், யாரு சொன்னாங்கன்னு துறைமுகத்துல கெளற வேணாம்னு விட்டிருக்கேன். நாளைக்குக் கூட்டத்துக்குப் போறது இதுதான். கூடவே ஒட்டின கவர்ல ஆறு கடிதம். தலைவர் மட்டும் பிரிச்சுப் பாப்பாரு.

தம்பி: ஆறா?

அண்ணி: ஆறு. அஞ்சு போதும், ஒண்ணு உபரி.

தம்பி: யாரும் வரலைன்னீங்க.

அண்ணி: வந்த ஒவ்வொருத்தரும் 'நான் வந்தது வெளிய தெரியக் கூடாது'ன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டுத்தான் வாயே தெறந்தாங்க. நான் என்ன பண்ண? கேட்டா இல்லன்னுதான் சொல்லணும். யாருன்னு இப்பவும் சொல்ல மாட்டேன்.

தம்பி: பேர் வேணாம் அண்ணி. எப்படி வந்தாங்க, அதை மட்டும் சொல்லுங்க. ஒரு தடவை காதாரக் கேட்டுக்கறேன்.

அண்ணி: வந்தாங்க, ஆளுக்கு ஒரு சாக்கோட. ஒருத்தர் தராசு சரியா இருக்கான்னு பாக்க வந்தாரு, கையில தராசே இல்ல. ஒருத்தர் பொண்ணுக்குக் காலேஜ்ல என்ன படிக்க வைக்கலாம்னு கேக்க வந்தாரு. அவரு பொண்ணு மூணாவது படிக்குது. ஒருத்தர் உக்காந்து நாப்பது நிமிஷம் மழை, டீசல், அவரு மாமியார் கண்ணு ஆபரேஷன் எல்லாம் பேசி, எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயி, திரும்பி வந்து சொன்னாரு.

தம்பி: ரேடியோ.

அண்ணி: நான் பேர் சொல்லலையே.

தம்பி: நாப்பது நிமிஷம்னதும் தெரிஞ்சு போச்சு. அப்புறம்?

அண்ணி: நீங்க என்னமோ கதை கேக்கற மாதிரி கேக்கறீங்க. தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? மனசுல வச்சுக்க முடியல. ஆறு பேர் வந்துட்டுப் போனாங்க. எனக்குச் சந்தோஷம்தான், இல்லன்னு சொல்லல. பத்தொன்பது வருஷத்துல இவ்வளவு சந்தோஷமா நான் கமிட்டிக்குப் போனதில்ல. ஆனா ஒவ்வொருத்தரா படியேறி வரும்போதும், செருப்புச் சத்தம் கேட்டா, இது நம்ம தம்பியா இருக்குமோன்னு பாப்பேன். உங்க கையெழுத்து செல்லாதுதான். ஆனா வாயால ஒரு வார்த்தை... ஊர்க்காரங்க எல்லாம் வந்தாங்க, நம்ம வீட்டு ஆளு வரலையேன்னு இருந்துச்சு. ராத்திரி உங்களுக்கு முன்னாடி தட்டை வைக்கும்போதுகூடக் கோவமா வரும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

தம்பி: தெரிஞ்சுது. மூணு நாளா எனக்கு மட்டும் அடிப்பிடிச்ச சோறு.

அண்ணி: அது தற்செயல்.

தம்பி: சரி, தற்செயல். மீதிப் பேரைச் சொல்லுங்க. கடைசியா வந்தது யாரு?

அண்ணி: கடைசி ஆளு நேத்து வந்தாரு. ஒரு வார்த்தை பேசல. சுவர் வரைபடத்துக்கிட்ட போயி அறுபத்திரெண்டுல விரலை வச்சாரு, தெக்குப் பாதியில ஒரு கோடு இழுத்தாரு, என்னைப் பாத்தாரு. காகிதத்தை நீட்டினேன், கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு.

தம்பி: மௌனசாமி. அப்பாடா... அவருதான் கடைசி வரைக்கும் முடியவே முடியாதுன்னு நின்னாரு.

அண்ணி: என்ன முடியாதுன்னு?

தம்பி: இங்க வரதுக்கு... ஆங்... அண்ணி, நான் கெளம்பறேன். கீழ கவுன்ட்டர்க்காரரு வந்திருப்பாரு.

அண்ணி: நில்லுங்க. யாருகிட்ட முடியாதுன்னாரு?

தம்பி: துறைமுகத்துல பேசிக்கிட்டாங்க.

அண்ணி: ரகசியமா வந்தவங்க துறைமுகத்துல பேசிக்கிட்டாங்களா? காதுல பூ சுத்தாதீங்க. போன வாரம் மூணு பேர், இந்த வாரம் மூணு பேர். ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு மேல வரல. ஒருத்தர் எறங்கும்போது இன்னொருத்தர் ஏறல. எல்லாரும் ஏலம் முடிஞ்சு, மூணு மணிக்கு. பத்தொன்பது வருஷமா ஒருத்தர்கூட ஏறாத மாடிப்படிக்கு முறை வச்சு ஆள் வந்திருக்கு, நானும் பாவி, மனசாட்சி உறுத்தி வந்திருக்காங்கன்னு நெனைச்சேன். நாலு பேர் நீங்க உக்காந்திருக்கிற இதே ஸ்டூல்ல உக்காந்து 'மழை பெய்யற மாதிரி விழுது'ன்னாங்க. ஒரே வார்த்தை. யாரு சொல்லிக் குடுத்தது அது?

தம்பி: அது... எல்லாருக்கும் காது இருக்குல்ல அண்ணி.

அண்ணி: தம்பி. என்னைப் பாருங்க. ஆறு பேரையும் அனுப்பினது நீங்களா?

தம்பி: கவுன்ட்டரை மூடிடுவாங்க அண்ணி, நான் கீழ போறேன்.

அண்ணி: அப்ப இன்னிக்கு எதுக்கு வந்தீங்க? லாக் புக்குக்கா?

தம்பி: ஆறு பேரும் போயிட்டு வந்துட்டோம்னு சொன்னாங்க. ஆனா பத்தொன்பது வருஷமா நாப்பத்தேழுன்னு எழுதினவன் சொல்றதை எப்படி நம்பறது? விடிஞ்சா கூட்டம். அதான் ஒரு தடவை உங்க வாயால கேட்டுட்டுப் போகலாம்னு... நீங்க ஈ காக்கா வரலைன்னதும் எனக்கு உயிரே போச்சு.

அண்ணி: இதை முதல்லயே நீங்க வந்து என்கிட்ட சொல்லியிருந்தா என்ன? ரெண்டு வாரம் நான் மனசுக்குள்ள உங்களைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன்.

தம்பி: திட்டினா திட்டிட்டுப் போங்க. அண்ணி, அன்னிக்குக் கீழ ஹால்ல கமிட்டி நடந்தப்ப நான் வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். கதவு முழுசாச் சாத்தல. 'கொழுந்தன் ஓட்டறாரு'ன்னு அவரு சொன்னதும், எல்லாரும் சிரிச்சதும் எனக்குக் கேட்டுச்சு. உள்ள வந்து அறுபத்திரெண்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரல, எந்திரிச்சுப் போயிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அந்த ஆறு படகையும் ஏறி எறங்கினேன், காலைப் பிடிக்காத கொறையா. நாளைக்கு நீங்க கவரை நீட்டும்போது அதுல கொழுந்தன் பேர் இருக்கக் கூடாது, கொழுந்தன் இந்தப் படி ஏறினான்னுகூட ஒருத்தன் சொல்லக் கூடாது. உங்களுக்காகத்தான் அண்ணி நான் வராம இருந்தேன்.